வியாகம்மாள் வாய் திறந்த நாள்

சங்குமுனை என்னும் கடற்கரை ஊரில் வியாகம்மாள் என்றோர் அடியார் வாழ்ந்தார். உப்பளத்தில் கூலி வேலை. பொழுது புலரும்போதே பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் வரை உப்பை வாரிக் கரையில் குவிப்பார். உப்புநீர் தின்று அவருடைய பாதங்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. வேலைக்குப் போகும் வழியில் சிலுவை நட்ட ஒரு குருசடி உண்டு. அதன்முன் முழந்தாளிட்டு, பெருவிரலால் தம் உதட்டின்மேல் சிலுவை வரைந்து, "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாளைக்கு இந்த நாக்க நீரே பிடிச்சுக்கிடும்" என்று வேண்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

பயம் கற்றுத்தந்த ஜெபம் அது.

முன்னாளில் அந்த அம்மாளின் வாய்க்கு ஊரே ஒதுங்கும். இளமையிலேயே கணவரை இழந்தவர், பிள்ளையும் இல்லை. தனியாக வாழும் பெண்ணுக்கு வாய்தான் வேலி என்று நினைத்திருந்தார். ஒருநாள் கிணற்றடியில், பக்கத்து வீட்டு செலஸ்தீனாவின் குடம் இடித்து அவருடைய மண்பானை உடைந்தது. செலஸ்தீனா சின்னப் பெண், பதறிப்போய்ச் சிரித்துவிட்டாள். வியாகம்மாளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"சிரிக்கியா? கடலுக்குப் போற ஒம் புருஷன் கரைக்குத் திரும்பாமப் போவட்டும்!" என்று மண்ணை வாரித் தூற்றினார்.

மூன்றாம் நாள் காற்று சுழன்றடித்தது. செலஸ்தீனாவின் கணவன் பொனிபாஸின் வள்ளம் கவிழ்ந்தது. அவன் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் அவரைக் கருநாக்குக்காரி என்றது. எதிரே வந்தால் தாய்மார் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்து மறைத்தார்கள். உப்பளத்தில் யாரும் அவரோடு ஒரே பாத்தியில் நிற்கவில்லை. கங்காணி அவரைக் கடைசிப் பாத்திக்குத் தள்ளினார். கோயிலில் அவர் உட்கார்ந்த பாயில் வேறொருவர் உட்காரவில்லை. ஊர் அஞ்சியதைவிட நூறு மடங்கு அவரே தம்மை அஞ்சினார். சோறு மெல்லும்போது நாக்கு பல்லில் பட்டாலும் உடம்பு நடுங்கும். உள்ளே ஏதோ ஒன்று பதுங்கியிருக்கிறது, வாய் திறந்தால் பாயும் என்று தோன்றும்.

ஒருநாள் பங்குச் சாமியாரிடம் போய் அழுதார். "நாந்தான் சாமி அவனக் கொன்னேன்."

"கடல் உன் பேச்சுக்கு அடங்குற வேலைக்காரன் இல்லம்மா" என்றார் சாமியார். "ஆனா அந்தப் பொண்ணு காதுல உன் பேச்சு விழுந்துச்சே, அது மெய். போய் மன்னிப்புக் கேளு. கதவத் தொறக்கலன்னா அந்த வீட்டுக்காக தினம் ஜெபம் பண்ணு."

கதவு திறக்கவில்லை. ஆறு வருடம் திறக்கவில்லை. வியாகம்மாள் வேலை முடிந்து திரும்பும்போது தினமும் அந்த வேலியோரம் ஒரு கணம் நின்று, உதடு மட்டும் அசைய, செலஸ்தீனாவுக்காகவும் அவள் மகள் மெட்டில்டாவுக்காகவும் வேண்டிக்கொண்டு போனார். மற்றபடி அவர் பேசியது சொற்பம். யாராவது ஏசினால் தலை குனிந்து, "நல்லாயிருங்க" என்பார். முதலில் அந்தச் சொல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தது. வருடங்கள் போகப் போக மனசோடு வந்தது.

ஏழு வயது மெட்டில்டாவுக்குக் காய்ச்சல் கண்டது அந்தப் பங்குனியில். நான்காம் நாள் வலிப்பும் வந்தது. டவுன் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இறங்கணும்" என்று மட்டும் சொல்லிப் போனார். கருநாக்குக்காரி வேலியோரம் நின்று முணுமுணுத்ததைப் பார்த்தேன் என்று யாரோ சொன்னார்கள். பொனிபாஸின் அண்ணன் தொம்மைக்கு அது போதுமாயிருந்தது.

நண்பகலில் ஏழெட்டு ஆண்கள் சவுக்குக் கம்புகளோடு உப்பளத்துக்கு வந்தார்கள். கூலிப் பெண்கள் வாருபலகைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வெள்ளை வெயிலில் வியாகம்மாள் தனியே நின்றார்.

"எந்தம்பியத் தின்னது பத்தாதா? பிள்ளைய என்னட்டி சொன்ன? சொல்லு!" தொம்மையின் கம்பு தோளில் இறங்கியது. அவர் உப்பில் விழுந்தார்.

விழுந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றைக் கண்டார். அடிக்க வந்தவர்களின் கண்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் போதும். 'நாசமாப் போவீங்க' என்றால் கம்பைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தச் சொல் தொண்டை வரை ஏறி வந்தது. உயிர் தப்ப வேறு வழியும் அவருக்கு இல்லை.

மறு அடி விழுந்தது. "யேசுவே" என்று உதட்டைக் கடித்தார், இரத்தம் கசிந்தது. அவ்வளவு பயத்திலும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லாயிருக்கணும் தம்பி. அடிங்க."

கம்புகள் தயங்கின. "வந்து ஒன் வாயாலேயே அத எடு" என்று தொம்மை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செலஸ்தீனா வீட்டுக்குப் போனான்.

கட்டிலில் பிள்ளை கண் செருகிக் கிடந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு இரண்டு பெண்களும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.

"வேலியோரம் நின்னு என்ன சொன்னீங்க?" என்றாள் செலஸ்தீனா.

"நான் போட்ட வாய்க்குத் தண்டன எனக்கு வரட்டும், இந்த வீட்டுக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு கேட்டேன். தினமும் கேக்குதேன்."

செலஸ்தீனா கட்டிலோரம் இடம் விட்டு விலகினாள். பிறகு, "அப்ப இங்கன வச்சுக் கேளுங்க. என் காதுல விழுறாப்புல கேளுங்க" என்றாள்.

கம்படியில் வந்ததைவிடப் பெரிய பயம் இப்போது வியாகம்மாளுக்கு வந்தது. தம் வாயால் வேண்டி, அதன்பின் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல் மறுபடியும் கொன்றதாக ஆகிவிட்டால்? வாசலில் கம்புகள் காத்திருந்தன. ஆனால் கேட்பவள் தாய். அவர் கட்டிலோரம் முழந்தாளிட்டு, பிள்ளையின் காலைத் தொடாமல், தரையில் கை ஊன்றிக்கொண்டார்.

"ஆண்டவரே, நான் பேசத் தெரியாதவ. பேசிக் கெட்டவ. இந்தப் பச்சப்பிள்ளைய இவ தாய்கிட்டத் தந்திரும். மெட்டில்டா, எந்திரிச்சு வா தாயி. ஒங்கம்மா காத்திருக்கா."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் சாயும் வரை சொன்னார். தொண்டை கம்மி, குரல் காற்றாகிப் போயும் நிறுத்தவில்லை.

கோயிலில் மாலை மணி அடித்தபோது பிள்ளையின் நெற்றியில் வேர்வை அரும்பியது. சிறிது நேரத்தில் கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க வியாகுங்கிறது யாரும்மா?"

"ஏன் கண்ணு?"

"வெளிச்சமா ஒருத்தரு என் கையப் பிடிச்சிருந்தாரு. நல்லா இருந்துச்சு, வரவே மனசில்ல. அவருதான் சொன்னாரு, 'எம்மவ வியாகு கூப்பிடுதா, கேக்குதா? போ'ன்னு."

வாசலில் நின்ற தொம்மையின் கையிலிருந்து கம்பு நழுவியது. "யக்கா" என்று கதறி, செலஸ்தீனா அவர் தோளில் முகம் புதைத்தாள். வியாகம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிற்பாடு ஊர் அதே வாயைத் தேடி வந்தது. பிள்ளைகளைத் தூக்கிவந்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். "வார்த்தையில ஒண்ணும் இல்ல, கேட்டவரு பெரியவரு" என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து முழந்தாளிடுவார். தம் நாவைக் குறித்த அச்சம் சாகும் வரை அவரை விடவில்லை என்பார்கள். அந்த அச்சத்தோடேயே அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவரை ஆற்றியது. சினத்தின் வாசலில் நின்று ஆசி மொழிந்த அந்த எளிய அம்மையார் இறைவன் பேர் சொல்லி அழைத்த மகளாவார். அவர் பாதம் பட்ட உப்புமண்ணும் நமக்கு இனியதே.