முத்திருளாயி அம்மையார் மொரீஷியஸுக்கு எழுதிய கடிதம்

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மாவூரணி நூலகத்தின் பின்னறையில் நடந்த ஆங்கில வகுப்பில் இருந்தவர்கள் வருமாறு. முதல் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே, கோர்ட்டில் நகல் எழுதி ஓய்வுபெற்ற நாகப்பன். ஜன்னலோரம் மருந்துக்கடை ஜைனுலாப்தீன். கடைசிப் பெஞ்சில், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகவிருந்த அக்காள் தங்கை இருவர். கரும்பலகை அருகே ரோஸ்லின் டீச்சர், வயது இருபத்தாறு. வாசற்படியை ஒட்டித் தரையில் முத்திருளாயி அம்மையார். தண்ணீர் சுமந்த சேலை ஈரம் காயாது. பெஞ்சு நனைந்துவிடும் என்று அவர் கீழேயே அமர்வார்.

வில்வநாதர் கோயில் நந்தவனத்தில் முப்பது ஆண்டுகளாகப் பூப்பறித்துக் கொடுப்பது அம்மையாரின் தொண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. செடிக்கு ஒரு குடம், குடத்துக்கு ஒரு 'சிவசிவ' என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட முறை. அதில் காய்ச்சல் நாளிலும் குறை வைத்தவர் அல்லர்.

அப்படிப்பட்டவர் ஆங்கிலம் படிக்க வந்ததற்குக் காரணம் உண்டு. நந்தவனம் கோயிலுக்குச் சொந்தமானதன்று. எப்போதோ மொரீஷியஸ் போன ஒரு குடும்பத்தின் இடம். இப்போதைய உரிமைக்காரி அங்கேயே பிறந்தவர், தமிழ் தெரியாது. தீபாவளிக்குள் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்துவிடப் போவதாகத் தரகர் மூலம் செய்தி வந்தது. கோயில் அலுவலகம் சட்ட ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் போட்டது, பதில் இல்லை. "அந்தம்மாவுக்குப் புரியிற பாஷையில நானே சொல்றேன்" என்று அம்மையார் ஆடி மாதமே நோட்டு வாங்கிவிட்டார்.

அன்றைய வகுப்பில் அவரவர் வாழ்க்கை நினைவை வாசிக்க வேண்டும். நாகப்பன் எழுந்து, தாம் கடலோரத்தில் பிறந்து அலையோசை கேட்டு வளர்ந்ததாக வாசித்தார். ஜைனுலாப்தீனும் கடலோரத்தில் பிறந்திருந்தார். அக்காள் தங்கையும் அப்படியே. எல்லாரும் ஒரே கைடைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"மாவூரணியில ஏதுங்க கடல்?" என்றார் டீச்சர்.

"இங்கிலீஷ்ல எழுதினா அப்படித்தானேம்மா எழுதணும்?" என்றார் நாகப்பன்.

அம்மையாரின் நோட்டு வெறுமையாக இருந்தது. "நான் கடலே பார்த்ததில்ல டீச்சர். பார்க்காததை எப்படி எழுதுறது?"

அறை சிரித்தது. "கடுதாசி எழுத வந்த கையைப் பாரு! ஏம்மா முத்திருளாயி, பேசாம குடத்தைத் தூக்கு. கடிதத்தை நான் எழுதித் தாரேன்" என்றார் நாகப்பன்.

"எழுதுங்கண்ணே. நானும் எழுதுறேன்" என்றார் அம்மையார்.

டீச்சர் சிரிக்கவில்லை. அன்றே கைடுகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "தினம் உங்க கை படுற பொருளைச் சொல்லுங்க. அதுக்கு மட்டும் வார்த்தை தாரேன். அதை வெச்சு உங்க கதையை எழுதுங்க" என்றார். குடம், கயிறு, முள், மொட்டு, பனி என்று அம்மையார் வாரத்துக்கு ஆறு சொல் கேட்டார். ஒவ்வொன்றையும் அந்தப் பொருளைத் தொட்டே மனப்பாடம் செய்தார்.

ஒருநாள், "சாமிக்கு என்ன டீச்சர்?" என்றார். டீச்சர் சொன்னார். அம்மையார் யோசித்தார். "இது எல்லாருக்கும் பொதுவா இருக்கே. நான் தண்ணி ஊத்துறது வில்வநாதருக்கு."

"அப்ப வில்வநாதர்னே எழுதுங்கம்மா. அவரை உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அந்தக் கிறிஸ்தவப் பெண்.

ஐப்பசி பிறந்த ஞாயிறன்று அம்மையார் தம் கதையை எழுந்து நின்று வாசித்தார். ஒன்றரைப் பக்கம். அதில் ஓரிடம், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறு நாள் எனக்குத் தீட்டு. வில்வநாதருக்கு நான் பூப்பறிக்கக் கூடாது. கடையில் வாங்கிப் போட்டார்கள். செடிகளுக்குத் தீட்டு இல்லை. அதனால் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். பறிக்காத பூ உதிர்ந்து மண் வெள்ளையாகிவிட்டது. அந்தப் பூவெல்லாம் என் வீட்டுக்காரருக்கு என்று நினைத்துக்கொண்டேன். பதினேழாம் நாள் மறுபடி வில்வநாதருக்குப் பறித்தேன்.'

"இதுதாம்மா கடிதம். மேல பேரு, கீழ கையெழுத்து, போதும்" என்றார் டீச்சர்.

நாகப்பன் விடவில்லை. அவரும் சட்டப்பிரிவுகளோடு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். "மண்டபக்காரன் வக்கீல் வெச்சிருக்கான். அவன் முன்னால இந்தப் பூக்கதை நிக்குமா? என்னோடதுதான் போகணும். வேணும்னா சாமியையே கேட்போம்." ஐயம் வந்தால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது அவ்வூர் வழக்கம்.

"கேளுங்கண்ணே. உங்களோடதுன்னு சொன்னா அதை முதல்ல அனுப்புறேன். அப்புறமா என்னோடதையும் அனுப்புவேன்" என்றார் அம்மையார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நாகப்பனே தம் கையால் பூவை இலையில் மடித்துக் கட்டினார். தம் கடிதத்துக்குச் செவ்வரளி, அம்மையாருடையதற்கு நந்தியாவட்டை. குருக்கள் இரண்டையும் குலுக்கிச் சந்நிதியில் போட்டு, கண்மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"மூணு தடவை பார்க்கணும் சாமி" என்றார் நாகப்பன். இரண்டாம் முறையும் வெள்ளை. மூன்றாம் முறையும் வெள்ளை. நாகப்பன் கீழே கிடந்த பொட்டலத்தைப் பிரித்தார், செவ்வரளி இருந்தது. கட்டியவர் அவரே ஆதலால் குறை சொல்ல ஆளில்லை. அதை மறுபடி மடித்துச் சந்நிதிப் படியில் வைத்துவிட்டு, "உன் எழுத்து சாமிக்குக் கேட்டிருச்சு தாயி" என்றார். அம்மையார் கண்ணீர் பெருக விழுந்து வணங்கினார்.

அன்று பதினொரு மணிக்குத் தபால் நிலையத்தில் நாகப்பன் தம் நான்கு பக்கத்தையும் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு, உறைமேல் மொரீஷியஸ் முகவரியை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். அம்மையார் ஒன்றரைப் பக்கத்தை உள்ளே வைத்தார். பசை தடவி ஓரத்தை விரலால் மூன்று முறை அழுத்தினார். அஞ்சலர் முத்திரை குத்தி, வெளிநாட்டுப் பையில் இட்டு, பையின் வாயைக் கட்டினார். தாம் கண்டதையன்றி ஒரு சொல்லும் கூட்டாது எழுதிய அடியார் முத்திருளாயியின் திருவடி போற்றி.