காந்தாரத்துக்கு ஒரு பலே

கோதண்டம் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. இதை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நடந்ததை நடந்தபடியே சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சப்பென்று போய்விடுமே என்ற நல்ல எண்ணத்தில், அங்கங்கே கொஞ்சம் நீட்டுவார், அவ்வளவுதான். அதுவும் தன்னைப் பற்றி நீட்டமாட்டார். தன் பிள்ளைகளைப் பற்றிக்கூட நீட்டமாட்டார். சங்கீத வித்வான் நெடுவாசல் பிரணதார்த்தி என்ற பெயரைக் கேட்டால் மட்டும் மனிதருக்கு நாக்கு தரையில் நிற்காது.

நெடுவாசல் திருச்சியில் எங்கே பாடினாலும் முன் வரிசையில் நடு நாற்காலி கோதண்டத்துக்கு. வித்வான் ஒரு நல்ல இடத்தைத் தொட்டால், கோதண்டத்தின் தொண்டையிலிருந்து ஒரு "பலே" கிளம்பும். மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்து, தனி ஆவர்த்தனம் வந்துவிட்டதோ என்று பார்ப்பார்கள். நெடுவாசலுக்கு வயலின், மிருதங்கம், கோதண்டம் என்று மூன்று பக்கவாத்தியம் என்று ஊரில் பேச்சு. கோதண்டத்துக்கு அது கேலியாகத் தோன்றியதே இல்லை. பக்கவாத்தியக்காரர் என்றே தன்னை நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சபா கேன்டீனில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோதண்டம். எதிரே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சபேசன். தொடையில் தாளம் போட்டுப் போட்டு வேட்டியே அந்த இடத்தில் நைந்துபோனவர். பக்கத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் பாகீரதி மாமி. ஞாயிற்றுக்கிழமை நெடுவாசலுக்கு இதே சபாவில் 'நாத கம்பீரர்' பட்டம். பட்டம் வாங்கிக்கொண்டு அவர் பாடவும் போகிறார். அந்தச் சந்தோஷத்தில் கோதண்டம் இரண்டாவது ரவா தோசை சொல்லியிருந்தார். அது வருவதற்குள் சபேசன் வாயைத் திறந்துவிட்டார்.

"பட்டம் கொடுக்கறது இருக்கட்டும் ஓய். வெள்ளிக்கிழமை கல்யாணி ஆலாபனைல மேல் ஸ்தாயி காந்தாரத்துக்குப் போனாரே, ஞாபகம் இருக்கா? குரல் படக்குனு உடைஞ்சுது. அது போனாப் போறது, மனுஷாளுக்கு உடையத்தான் உடையும். ஆனா அந்த உடைஞ்ச ஸ்வரத்துக்கு நீர் ஒரு பலே போட்டீரே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. உமக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?"

அந்த இடத்தில் என்னவோ ஆனது என்று கோதண்டத்துக்கும் தெரியும். குரல் மேலே போன நிமிஷம் அவர் கை நாற்காலியை இறுகப் பிடித்தது. வாய் அதுவாகவே பலே என்றது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளவா முடியும்?

"உடையலை. நிறுத்தினார்," என்றார்.

"என்னத்துக்கு?"

"ஜனங்களைக் காப்பாத்த. சபா கட்டடம் என்ன வயசுன்னு உமக்குத் தெரியுமோ? அந்தக் காந்தாரத்தை முழுசா விட்டிருந்தா மேல்கூரை நம்ம மடிலதான். அவர் அண்ணாந்து பாத்தார், காரை பெயர ஆரம்பிச்சுது, சட்டுனு ஸ்வரத்தை உள்ளே இழுத்துண்டார். அதுக்குத்தான் பலே."

"காரை விழுந்தா என் தலைலன்னா விழுந்திருக்கணும்? நான் நேர் கீழே உக்காந்திருந்தேன்," என்றாள் மாமி.

"விழுந்துது மாமி. பாதி வழி வந்துது. இவர் நிறுத்தினதும் திரும்ப மேலே போய் ஒட்டிண்டுடுத்து."

மாமி அனிச்சையாகத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சபேசன் தடவவில்லை. "ஒரு பந்தயம்," என்றார். "இன்னிக்கு மைக் பார்க்க நெடுவாசலே வரார். அவரையே கேப்போம். நிறுத்தினேன்னு அவர் சொன்னா, இனிமே என் தொடைல தாளம் கிடையாது. உடைஞ்சுதுன்னு சொன்னா, நீர் ஆயுசுக்கும் வாயைத் திறந்து பலே சொல்லப்படாது. ஞாயித்துக்கிழமைலேருந்தே."

ரவா தோசை வந்தது. கோதண்டம் அதைப் பார்க்கவே இல்லை. பட்டம் வாங்குகிற அன்றைக்குப் பலே சொல்லாமல் உட்காருவதென்றால், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவனை வாசலில் நிற்கவைத்த மாதிரி. ஆனால் பின்வாங்கினால் உடைந்தது என்றே ஆகிவிடும். "சரி," என்றார். சொல்லிவிட்டு, வித்வான் வருவதற்குள் இந்த இருவர் மனசையும் கரைத்துப் பந்தயத்தையே மறக்கடித்துவிடலாம் என்று கிளம்பினார்.

"அந்தக் குரலைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? லால்குடி பக்கம் ஒரு கல்யாணம். சங்கராபரணத்துல பஞ்சமத்தைப் பிடிச்சு நின்னார். நின்னார்னா நின்னார். வயலின்காரர் பொறுத்துப் பொறுத்துப் பாத்தார், வில்லைக் கீழே வெச்சுட்டுப் பந்திக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வந்தார். பஞ்சமம் அங்கேயே இருக்கு."

"அதுவரைக்கும் இவர் மூச்சே விடலையாக்கும்?" என்றார் சபேசன்.

"மூச்சு என்ன, அவரும்தான் கூடப் போய்ச் சாப்ட்டார். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. ஸ்வரம் அது பாட்டுக்கு மேடைல நின்னுண்டிருந்தது."

பாகீரதி மாமி காபியை உறிஞ்சியபடியே சிரித்ததில் புரைக்கேறியது. அது கோதண்டத்துக்குப் பாராட்டாகப் பட்டது. உற்சாகம் வந்துவிட்டது.

"ஸ்வரம் நிக்கற கதை இது. ஓடற கதையைக் கேளுங்கோ. மன்னார்குடில அவர் ஒரு பிருகா போட்டார். என்ன வேகம்கறேள். போட்டது யாருக்குமே கேக்கலை. சபைல எல்லாரும் பேந்தப் பேந்த முழிக்கறா. சரிதான், ஏதோ தொண்டையைக் கனைச்சார்னு நினைச்சுண்டு வீட்டுக்குப் போயிட்டா. மறுநாள் கார்த்தால பல் தேய்க்கறச்சே ஒவ்வொருத்தர் காதுலயா வந்து விழறது. தெருவுல ஒரு வீடு பாக்கி இல்லை, வாயில பல்பொடியோட வாசல்ல வந்து நின்னுண்டு பலேங்கறா."

"நீரும் மன்னார்குடில பல் தேய்ச்சுண்டிருந்தீராக்கும்?"

"நான் திருச்சில தேய்ச்சேன். எனக்கு மத்தியானம்தான் வந்து சேர்ந்தது."

சபேசன் தோசைத் தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கோதண்டம் கவனிக்கவில்லை. மாமி மட்டும் விடுவதாக இல்லை. "எங்க வாத்தியார்கூட அமிர்தவர்ஷிணி வாசிச்சு மழை வரவழைச்சவர்தான்," என்றாள்.

"மழை வரவழைக்கறது என்ன பெரிய வித்தை மாமி? யார் வேணா வரவழைக்கலாம். நிறுத்தத் தெரியணும். அந்த ராகத்தை அவர் ஆத்துல முணுமுணுக்கறதே கிடையாது. காவேரில தண்ணி கூடுதலா வந்தா அதிகாரிகள் அவராத்து வாசல்ல வந்து நின்னுடறா. அண்ணா, தயவுபண்ணி இன்னிக்குச் சாதகம் வேண்டாம், இருமக்கூட வேண்டாம்னு. ஒரு ஐப்பசி மாசம் அவர் தெரியாம ஒரு தும்மல் போட்டார். சுருதியோட போட்டுட்டார். கொள்ளிடம் பாலத்துல முழங்கால் வரை தண்ணி."

"அது ஐப்பசிங்கறதுனால வந்த தண்ணி," என்றார் சபேசன் வாயில் தோசையோடு.

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சா. அவரும் திருத்தலை. பெரிய மனுஷர்." கோதண்டத்தின் குரல் தழைந்தது. "பாட்டை விடுங்கோ. மனுஷரோட மரியாதையைப் பாருங்கோ. பம்பாயில ஒரு சேட்டு மாளிகைல கச்சேரி. கடைசியா நீலாம்பரி பாடினார். சேட்டு தூங்கிட்டார். சேட்டு பெண்டாட்டி தூங்கியாச்சு. காவல்காரன் தூங்கியாச்சு. அன்னிக்குன்னு பார்த்துத் திருடன் வந்திருக்கான், பெட்டியைத் திறந்து நகையைக் கையில எடுத்தவன் அப்படியே சுருண்டு படுத்துட்டான். திருடனைப் பிடிக்க போலீஸ் வந்தது. அவாளும் விலங்கைத் தலைக்கு வெச்சுண்டு தூங்கறா. திறந்த பெட்டியும் நகையும் அப்படியே கிடக்கு. வேற ஒருத்தரா இருந்தா என்ன பண்ணியிருப்பா?"

"திருச்சிக்கு டிக்கெட் வாங்கியிருப்பா," என்றாள் மாமி.

"இவர் விடிய விடிய அந்தப் பெட்டிக்குக் காவல் உக்காந்தார். விடிஞ்சதும் பூபாளம் பாடினார். எல்லாரும் எழுந்தா. திருடன் எழுந்து நகையை ஒண்ணொண்ணா எண்ணித் திரும்ப வெச்சான். வெச்சுட்டு என்ன சொன்னான் தெரியுமா? அண்ணா, ராத்திரி மங்களம் பாடாம முடிச்சுட்டேளேன்னான். போலீஸ்காராளும் ஆமாம் ஆமாம்னா. மங்களம் பாடி முடிச்சப்புறம்தான் அவனுக்கு விலங்கே போட்டா. அப்பேர்ப்பட்டவர் குரல் உடைஞ்சுதுன்னு சொல்ல உமக்கு எப்படி ஓய் மனசு வந்தது?"

சொல்லி முடிக்கும்போது கோதண்டத்துக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் போய்விட்டது. காரை பெயர்ந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரிதான் இருந்தது. சபேசன்கூடத் தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் மேல்கூரையைப் பார்த்தார். பந்தயம் கரைந்துவிட்டது என்றே கோதண்டம் நினைத்தார்.

அப்போதுதான் கழுத்தில் மஃப்ளரோடு நெடுவாசல் பிரணதார்த்தி உள்ளே வந்தார். மைக் பார்த்தாகிவிட்டது போலிருக்கிறது. கல்லாவில் மிளகு போட்ட பால் ஒன்று கேட்டுவிட்டு, தெரிந்த முகங்களைப் பார்த்ததும் இவர்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்தார். சபேசனுக்குப் பந்தயம் ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணா, தப்பா எடுத்துக்கப்படாது," என்று ஆரம்பித்து, வெள்ளிக்கிழமைக் காந்தாரத்தையும் காரையையும் பந்தயத்தையும் ஒன்று விடாமல் சொல்லிக் கேட்டார். "நிறுத்தினேளா, உடைஞ்சுதா?"

கோதண்டம் வித்வானின் முகத்தைப் பார்க்கத் துணியாமல், அவருடைய மஃப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். நிறுத்தினேன் என்று சொல்ல என்ன கஷ்டம்?

"சளி," என்றார் நெடுவாசல்.

"அண்ணாவுக்கு அடக்கம் ஜாஸ்தி," என்றார் கோதண்டம் ஈனஸ்வரத்தில்.

"அடக்கம் இல்லை ஓய். சளிதான். நெஞ்சு பூரா இருக்கு."

சபேசன் ஜெயித்துவிட்டார். ஆனால் எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. தோசைத் தட்டைக் கோதண்டம் பக்கமே நகர்த்தி வைத்தார். அதில் ஓரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. கோதண்டம் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடலாம், அங்கே என்றால் வாய் மூடியிருப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டேள்? உக்காருங்கோ," என்றார் நெடுவாசல். பால் வந்திருந்தது. ஊதி ஊதி ஒரு வாய் குடித்துவிட்டுச் சபேசன் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காந்தாரத்துக்குக் கிளம்பிட்டேன். பாதி வழில அடைச்சுண்டுடுத்து. போச்சு, மானம் போச்சுன்னு நினைக்கறேன், முன் வரிசைலேருந்து இவர் பலேன்னார். சபை மொத்தமும் இவரைத் திரும்பிப் பாத்தது. அவா திரும்ப என்னைப் பாக்கறதுக்குள்ள நான் தொண்டையைச் சரிபண்ணிண்டு, பதவிசா ரிஷபத்துல வந்து உக்காந்துட்டேன். அந்த ஸ்வரம் வரலைங்கறது உம்ம ஒருத்தருக்குத்தான் தெரியும். மத்தவாளெல்லாம் அபாரம்னு வீட்டுக்குப் போனா."

கோதண்டம் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்பல்லாம் மேல் ஸ்தாயிக்குப் போறதுக்கு முன்னாடி இவர் நாற்காலில இருக்காரான்னு பாத்துட்டுத்தான் போறேன்," என்றார் நெடுவாசல்.

"அப்ப பந்தயம்?" என்றார் சபேசன்.

நெடுவாசல் பாலைக் குடித்து முடித்து, மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"தாராளமா வெச்சுக்கோங்கோ. திங்கக்கிழமைலேருந்து வெச்சுக்கோங்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சளி போறதாத் தெரியலை."