இடுப்பில் இருந்த சாவி

ஆலங்கரைச் சிவன் கோயிலில் கோடியப்பர் என்றொரு மெய்க்காவலர் இருந்தார். பிரகாரம் கூட்டுவார், விளக்குக்குத் திரி திரிப்பார். அர்த்தசாமம் முடிந்து சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளியதும் கதவைப் பூட்டி, சாவியைப் பைரவர் பாதத்தில் வைத்துவிட்டு முன்மண்டபத்தில் படுப்பார். இரவில் கோயிலுக்குப் பைரவரே காவல் என்பது வழக்கம்.

படுப்பார் என்றுதான் சொன்னேன். தூங்குவார் என்று சொல்லவில்லை. பூட்டினோமா? பூட்டினோமே! விளக்கை அமர்த்தினோமா? எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். வந்து படுத்ததும் மறுபடி அதே கேள்வி. விடியும்போதுதான் கண் சொக்கும்.

"கதவை நீர் பூட்டுறீரா, கதவு உம்மைப் பூட்டுதா?" என்று பூக்காரி தங்கபுஷ்பம் சிரிப்பாள்.

"நம்மை நம்பிப் படுத்திருக்கார் தாயி. அசட்டையா இருக்கலாமா?" என்பார்.

மூன்று நாளாக வாசலைத் தட்டித் தட்டி எழுப்பிய குருக்களுக்குப் பொறுமை போயிற்று.

"நாளைக்கும் நான் வந்துதான் எழுப்பணும்னா, காவலுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன், ஓய்!"

கோடியப்பருக்கு அந்தக் கோயிலை விட்டால் போக்கிடம் ஏது? இன்று தூங்கியே தீரவேண்டும் என்று நினைத்ததிலேயே தூக்கம் போயிற்று. மூன்றாம் முறை எழுந்தவர் பைரவர் பாதத்தைத் தடவினார். சாவி இல்லை! வைத்தேனா? வைக்கவே இல்லையா? பூட்டியதாக நினைத்ததும் கனவுதானோ?

"அப்பனே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாவி எங்கே?"

"உன் இடுப்பில்" என்றது ஒரு குரல்.

தொட்டுப் பார்த்தார். இருந்தது! முந்தைய தடவை, உள்ளே விளக்கைப் பார்க்கலாம் என்று எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டது அவருக்கே நினைவில்லை.

"கொடுக்கிறாய், திரும்ப எடுத்துக்கொள்கிறாய். நான் எதைத்தான் காப்பது, கோடி?"

"தப்புத்தான் சாமி. ஆனால்... பூட்டினேனா?"

"பூட்டினாய். நான் நின்றுகொண்டுதானே இருக்கிறேன். நீ படு."

சாவியை வைத்தார். அந்தக் கல்தரையிலேயே சாய்ந்தார். அவ்வளவுதான்.

காலையில் குருக்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் பூக்கூடையோடு தங்கபுஷ்பம்.

"ஐயோ, இன்னைக்கும் தூங்கிட்டாரே! வேலை போச்சே!"

"உஸ்! சத்தம் போடாதே." குருக்கள் கை காட்டித் தடுத்தார். "பைரவர் கனவில் வந்தார். 'பிள்ளை இப்பத்தான் என்னை நம்பித் தூங்கறான், எழுப்பிடாதே'ன்னார். உள்தாழ் போட்ட வாசல், நான் கை வைக்குமுன்னே திறந்துண்டது."

பாதத்திலிருந்த சாவியை மெல்ல எடுத்துக்கொண்டு, பள்ளியறையைத் தாமே திறக்கப் போனார்.

இறைவன் உறங்கத் தாம் காவல் இருந்தவர் பலர். தாம் உறங்க இறைவனைக் காவல் வைத்தவர் கோடியப்பர். அவருடைய குறட்டைக்கும் ஒரு கும்பிடு.