மூட்டையை யாரிடம் கொடுப்பது

அருவிக்குப் போனால் முதலில் எதைத் தேடுவீர்கள்? தண்ணீரையா, துணிமூட்டையை நம்பி வைக்க ஓர் இடத்தையா?

மாசிலாமணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். எதிரே மலையே உடைந்து கொட்டுகிற மாதிரி அருவி.

“குருவே, யாரை நம்பலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவன் இத்தனை தூரம் அவரோடு நடந்து வந்தது.

“தலையை நனைத்துக்கொண்டு வா, சொல்கிறேன். வெயில் இறங்கினால் கிளம்பிவிடுவேன்.”

“மூட்டை?”

“யாரிடமாவது கொடு.”

“யாரிடம்?”

குரு அருவிக்குள் போய்விட்டார்.

சொல்ல ஒன்றுமில்லாமல் நழுவுகிறாரோ? குரு மேலேயே அவனுக்குச் சந்தேகம்.

சுற்றிலும் பார்த்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன் காரணமில்லாமல் சிரித்தான். சரியில்லை. பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவே இல்லை. அவன் இன்னும் மோசம்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இவனைக் கொஞ்சம் பிடிங்க.”

யாரோ ஒரு பெண். கைக்குழந்தை அவன் மடிக்கு வந்துவிட்டது, மூட்டைக்கு மேலேயே.

“ஏம்மா! நான் யாரு தெரியுமா?”

“எங்க வீட்டுக்காரரு தண்ணிக்குள்ள போனா பொங்கல் வரைக்கும் வரமாட்டாரு. அழுதான்னா முதுகைத் தட்டுங்க!”

போயேவிட்டாள்.

குழந்தை அவன் தாடியைப் பிடித்து இழுத்தது. அவன் அசையவில்லை. கிட்டே வந்தவர்களை எல்லாம் முறைத்தான்.

பற்கள் தந்தியடிக்க அவள் திரும்பி வந்தாள்.

“என்ன தைரியம்மா உனக்கு? நான் பிள்ளை பிடிக்கிறவனா இருந்தா?”

அவள் ஈரத் தலையை முடிந்துகொண்டே சிரித்தாள்.

“கூட்டத்தையெல்லாம் பார்த்தேன்ணே. ஆளாளுக்குப் பையைப் போட்டுட்டு அருவியையே வாயைப் பிளந்து பார்க்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் அந்தப் பக்கமே திரும்பல. அழுக்கு மூட்டையையே இப்படி இறுக்கிப் பிடிக்கிற ஆளு, என் புள்ளையை விட்டுருவீங்களா?”

குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மாசிலாமணி மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

சற்றுத் தள்ளி, அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரு வழுக்கைத் தலையர். பையை நெஞ்சோடு அணைத்தபடி, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தார். இவன் நெருங்கியதும் பையை இன்னும் இறுக்கினார்.

மாசிலாமணிக்கு மனசு நிறைந்துவிட்டது.

“அண்ணாச்சி, இதையும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”