எட்டாவது வார்த்தைக்கு உதாரணம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே குழந்தைகள் காப்பகம் என்று ஓர் அறை உண்டு. வெளிநாட்டு ஆர்டருக்காக ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் அதன் பூட்டைத் திறப்பார்கள்.

செக்கிங் பிரிவில் வேலை பார்த்த துளசிமணி, தன் ஆறு மாதக் குழந்தையைத் தர்மபுரியில் நாத்தனாரிடம் விட்டிருந்தாள். அறையைத் தினமும் திறக்கச் சொல்லி மேனேஜர் முத்துரத்தினத்திடம் கேட்டாள்.

"சும்மா கேட்டா எப்படிம்மா? இதுக்குப் பேரு நெகோஷியேஷன், பேரம். கம்பெனிக் கொள்கைன்னு சுவத்துல எழுதியிருக்கிற எட்டு இங்கிலீஷ் வார்த்தையையும் உதாரணத்தோட ஆய்வாளர்கிட்டச் சொல்லு, தினமும் திறக்கறேன்" என்று சிரித்தார் அவர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தானே என்ற தைரியம்.

அடுத்த முறை ஆய்வாளரம்மா வந்தபோது, எட்டையும் மனப்பாடம் செய்திருந்தும் துளசிமணி பயந்துபோய்த் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாலு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை முன்னால் போய் நின்று, தட்டுத்தடுமாறி ஏழு வார்த்தைகளைச் சொல்லிவிட்டாள்.

"இன்டெக்ரிட்டி?" என்று எட்டாவதைக் கேட்டார் ஆய்வாளர்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுங்க. நான் எட்டையும் சொல்லிட்டா காப்பகத்தைத் தினமும் திறக்கறேன்னு சார் சொல்லியிருக்காருங்க. நாளைக்கு வந்தீங்கன்னா உதாரணத்தைக் கண்ணாலயே பாத்துக்கலாங்க."

"அப்படின்னா இத்தனை நாளாத் திறக்கலையா?" என்று ஆய்வாளர் திரும்பினார். "நாளையிலேர்ந்து தினமும் திறந்துடறோம் மேடம்" என்றார் மேனேஜர் அவசரமாக.

மறுநாளே அறை திறந்தது. துளசிமணி தர்மபுரிக்கு ஓடினாள். கையை நீட்டியதும் குழந்தை வீறிட்டு, நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"நான் போன தடவையே வாயைத் திறந்திருக்கணும், அண்ணி" என்றாள் துளசிமணி நாத்தனாரிடம். நீட்டிய கையை மடக்கவே இல்லை.