குன்றிமணிக்கு இரண்டு பொருள்

மலையும் ஆறும் அடுத்தடுத்து இருந்த ஒரு காட்டில் செம்பன் என்றொரு கீரி வாழ்ந்தது. மலைச்சரிவு முழுவதையும் அது ஒரு குகைக்குள் களிமண்ணில் சின்னதாகச் செய்து வைத்திருந்தது. தினமும் சரிவைச் சுற்றி வரும். மரம் விழுந்திருந்தால், பாறை உருண்டிருந்தால், களிமண்ணிலும் அப்படியே மாற்றிவிடும். ஆபத்தான இடத்தில் சிவந்த குன்றிமணியைப் பதிக்கும். கேட்டு வருபவர்களுக்குச் செம்பனே வழி சொல்லும்; குறிகளின் பொருளை மட்டும் சொல்லாது.

ஆற்றங்கரையில் நீலி என்ற நீர்நாய், ஆற்றையும் அதேபோல் மணலில் செய்தது. ஆனால் பயமில்லாமல் கடக்கக்கூடிய இடத்தில்தான் நீலி குன்றிமணி வைத்தது. மான்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போயின.

"அடடா, என்ன நேர்த்தி!" என்று அவை வியந்தது காதில் விழுந்ததும் செம்பனுக்கு வயிறு எரிந்தது.

மழைக்காலம் நெருங்கியது. காட்டின் மூத்த யானை இருவரையும் அழைத்துச் சொன்னது:

"ஆளுக்கொரு குறி வைத்தால் மற்றவர்கள் குழம்பிப் போவார்கள். இருவரும் ஒரே குறி வையுங்கள்."

"நான் மாற்றிக்கொள்கிறேன். செம்பா, உன் குறிகளைச் சொல்லேன்," என்றது நீலி.

'சொன்னால் மலையையும் இவளே செய்துவிடுவாள். அப்புறம் என்னை யார் தேடுவார்கள்?' என்று நினைத்தது செம்பன்.

"என் உழைப்பு அது. யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனது.

பெருமழை கொட்டியது. மலைமேல் இருந்த ஏரியின் கரை விரிசல் விட்டிருந்ததைச் செம்பன் பார்த்தது. ஓடி வந்து களிமண்ணில் அந்த இடத்தில் மூன்று குன்றிமணிகளைப் பதித்துவிட்டு, கரையைக் கவனிக்க மறுபடி ஏரிக்கு ஓடியது.

அந்த நேரம் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து மான்கள் மலையேறி வந்தன. குகைக்குள் எட்டிப் பார்த்தன.

"இதோ, குன்றிமணி! ஏரிக்கரை வழியாகவே போகலாம்," என்றது தாய்மான்.

கரைமேல் வந்த மான்களைக் கண்டு செம்பன் பதறியது. "வராதீர்கள்! உடையப் போகிறது!"

அதற்குள் கரை உடைந்தது. மான்கள் துள்ளித் தப்பின. கடைசியில் வந்த குட்டி மட்டும் உடைப்பில் விழுந்து அடித்துச் செல்லப்பட்டது. கீழே ஆற்றில் நீந்திக்கொண்டிருந்த நீலி பாய்ந்து அதைக் கரைக்கு இழுத்தது. உயிர் இருந்தது, பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது.

"குன்றிமணி வைத்திருந்தாயே!" என்று அழுதது தாய்மான்.

"என் குறியில் அது ஆபத்து..." என்று இழுத்தது செம்பன்.

"அதை எங்களிடம் யார் சொன்னார்கள்?"

செம்பன் அப்போதே நீலியிடம் போய்த் தன் குறிகள் அத்தனையையும் சொன்னது. நீலியும் தன் குறிகளை அதேபோல் மாற்றிக்கொண்டது. அதன் பிறகும் மான்கள் நீலியைத்தான் புகழ்ந்தன. செம்பனுக்கு வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனாலும் மலையில் கண்டதை, யாரும் கேட்குமுன்பே, தினமும் ஆற்றங்கரைக்கு ஓடிவந்து சொல்லிவிடும்.

நீதி: எல்லோருக்கும் உதவ வேண்டிய செய்தியை எல்லோருக்கும் புரியும் ஒரே குறியில் வைக்க வேண்டும்; பொறாமையால் மறைத்தால் அதுவே கேடாகும்.