பதினான்காம் எண் கணினி

பாலிடெக்னிக்கின் ஆய்வகத்தில் முப்பது கணினிகள். இருபத்தொன்பதில் புதிய இயங்குதளம் ஏறிவிட்டது. பதினான்காம் எண்ணில் மட்டும் மூன்று நாளாகப் பாதியில் நின்றது. சர்வரிலிருந்து கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது திரை.

தங்கதுரை ஒரு தாளை நீட்டினார். தட்டச்சராக இருந்து ஐம்பத்திரண்டு வயதில் கணினிப் பராமரிப்பு வேலைக்கு மாற்றப்பட்டவர். தன்னைவிட இருபது வயது இளைய ஆய்வகப் பொறுப்பாளர் கமருன்னிசாவிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போடுங்க மேடம். முப்பிடாதி பெருக்க வந்தாத்தான் இது நிக்குது. துடைப்பத்தால கேபிளை இழுத்து விட்டுடுறாங்க. வேற ஆளை அனுப்பச் சொல்லி பிரின்சிபாலுக்கு எழுதியிருக்கேன்.”

முப்பிடாதி ஒப்பந்தப் பணியாளர். அந்தத் தாள் போனால் மறுநாள் வேலை இருக்காது. கதவருகே துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

“நாலு வருசமா இதே தொடப்பம்தான் சார். இப்பத்தான் அதுக்குக் கொழுப்பு வந்துட்டா?”

கமருன்னிசா தாளைப் படித்து மேசைமேல் வைத்தாள். பதினான்காம் எண்ணில் நிறுவலைத் தொடங்கினாள். பிறகு துடைப்பத்தை வாங்கித் தங்கதுரையிடம் கொடுத்தாள்.

“அக்கா, கொஞ்சம் உக்காருங்க. சார், நீங்க பெருக்குங்க.”

“நானா?”

“முதல் மேசையிலேர்ந்து.”

பெருக்கினார். பதிமூன்று மேசைகளுக்கு அடியிலும் துடைப்பம் கேபிள்களில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. பதினான்காவதில் லேசாகத்தான் பட்டது. திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்கள் நின்றன.

“வேணும்னு இழுத்தீங்களா சார்?”

“இல்ல மேடம். பட்டதே தெரியல.”

குனிந்து பார்த்தார். கேபிள் முனையைப் பிடித்து நிறுத்தும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் இல்லை.

“இந்த முனையைப் போட்டது யாரு?”

“நான்தான். போடும்போதே கிளிப் ஒடிஞ்சிடுச்சு. செருகிப் பார்த்தேன், லைட் எரிஞ்சுது. போதும்னு விட்டுட்டேன்.”

கமருன்னிசா ஒரு புதிய முனையை எடுத்து நீட்டினாள். அவர் மேசைக்கடியிலேயே உட்கார்ந்து, முனையை வெட்டிப் புதிது போட்டார். நிறுவலை மறுபடி தொடங்கி, அதே இடத்தில் இரண்டு தடவை அழுத்திப் பெருக்கினார். திரையில் எண்கள் நகர்ந்துகொண்டே இருந்தன.

“மூலையில குப்பை அப்படியே கெடக்கு சார்,” என்றாள் முப்பிடாதி.

தங்கதுரை அவள் பக்கம் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்திக் கமருன்னிசாவிடம் கேட்டார்.

“அவங்ககிட்ட என்ன மேடம் சொல்ல?”

“கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி, ஏதோ தவறு நேர்ந்துவிட்டதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்.”